அவங்க மட்டும்தான் அழுத்தணும்

பொத்தானை அழுத்தி முடித்த பிறகுதான், அது தன் கையில் இருப்பதே மாப்பிள்ளைக்கு உறைத்தது.

மெஷின் ‘டிங்’ என்றது. டம்ளரில் ஸ்பூன் பட்டால் வருகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவருக்கோ அது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும் போலத் தோன்றியது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கட்டில் பெண்மணி பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது. யாரும் ஓடி வரவில்லை.

கட்டிலில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை என்றால் மாப்பிள்ளையின் மாமியார். முந்தாநாள்தான் அவர் வயிற்றைத் திறந்து, குடலில் கெட்டுப்போன ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கம்பியில் பெட்டி மாதிரி ஒரு மெஷின் தொங்கியது. அதற்குள் மார்ஃபின் மருந்தை வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அத்தையின் கை நரம்புக்குப் போனது. இன்னொரு வயரின் முனையில் கட்டைவிரலுக்கு வாகாக ஒரு பொத்தான். வலித்தால் அழுத்த வேண்டும். அழுத்தினால் துளி மருந்து உள்ளே போகும். டாக்டரைக் கூப்பிட வேண்டாம், நர்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அதைக் காலையில் மாப்பிள்ளை வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுமே சிஸ்டர் சொன்னார். மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதும் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, விரலை நீட்டி இன்னொரு தரமும் சொன்னார்.

“அவங்க மட்டும்தான் அழுத்தணும். நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரம்மா இல்ல, நானே கூட இல்ல.”

மாப்பிள்ளைக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்தப் பொத்தானை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவரிடமே ஒருவர் வந்து இப்படி விரல் நீட்டுவதா? ஆனாலும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அப்படித் தலையாட்டியவர்தான் இப்போது அழுத்தியிருந்தார்.

காரணம், அத்தை முனகினார். இது ஒரு காரணமா என்று கேட்கிறவர்களுக்கு அத்தையைத் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்ற பிறகும், பின்னால் வரிசையாக ஆட்கள் லைனில் காத்திருப்பது போலத்தான் பேசுவார். சுருக்கமாக ஆரம்பித்து, சுருக்கமாக முடித்துக்கொள்வார். ஒரு முறை மாப்பிள்ளை கார் கதவைச் சாத்தும்போது அத்தையின் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. அத்தை கத்தவில்லை. “மாப்பிள்ளை, கதவைத் திறங்க” என்றார். திறந்ததும் விரலைப் பார்த்துக்கொண்டே, “போகலாம்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு வார்த்தையும் அந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அத்தை இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், மாப்பிள்ளை தன்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் போனில், “வீட்டுல இப்ப லிஃப்ட் மாதிரி ஓவர்லோடுப்பா, எப்ப மணி அடிக்கும்னு தெரியல” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அத்தை துணி மடித்துக்கொண்டு நிற்கிறார். அத்தை மடித்த துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு இத்தனை வருஷமாக, “சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு”, “சரிங்க அத்தை”, “மழை வரும் போல இருக்கு”, “ஆமாங்க அத்தை” என்பதற்கு மேல் அவர்கள் பேச்சு நகர்ந்ததில்லை. தன்னை அத்தைக்குப் பிடிக்காது என்பது மாப்பிள்ளைக்கு உறுதி. தனக்கும் அத்தை என்றால் கொஞ்சம் பயம், மற்றபடி ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டியது நீங்கள்தான் என்று மனைவியும் அவள் தங்கையும் சொல்லிவிட்டதால் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அத்தை வலியைத் தாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேதனை. பொத்தானை அவர் தொடவே மாட்டேன் என்றார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சிஸ்டர் வந்து கடிந்துகொண்டார். வலிக்கிறது என்று மூச்சை அரைகுறையாக இழுத்தால் நெஞ்சில் சளி கட்டும், இருமவும் முடியாது, அப்புறம் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும், தாங்கிக்கொள்வதற்கு இங்கே யாரும் மெடல் குத்த மாட்டார்கள் என்றார். மருந்து பழகிவிடும் என்று அத்தை பயந்தார். இரண்டு மூன்று நாளில் நிறுத்தப்போகிற மருந்து, எவ்வளவு போகிறது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிஸ்டர் தைரியம் சொன்னார். கடைசியில், ஒப்புக்கு ஒரு தடவை அழுத்திவிட்டு அத்தை கண்ணை மூடினார்.

தூக்கத்தில் பொத்தான் கையிலிருந்து நழுவிக் கட்டிலோரம் தொங்கியது. அதை எடுத்துத் திரும்ப அவர் உள்ளங்கையில் வைக்கத்தான் மாப்பிள்ளை எழுந்தார். அப்போதுதான் அத்தை முனகினார். “அம்மா” என்று மெல்லிய குரலில், பள்ளிக்கூடத்து வாசலில் தனியாக விட்டுவிட்டுப் போன குழந்தை கூப்பிடுகிற மாதிரி. மாப்பிள்ளையின் கட்டைவிரல் யாரிடமும் கேட்காமல் மடங்கியது.

டிங்.

வயரைப் பிடித்து, தன் கை படாமல் பொத்தானை அத்தையின் உள்ளங்கையில் இறக்கி வைத்தார். எதுவும் நடக்காத மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மெஷினின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் தெரிந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் படித்தார். ‘நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். பிறர் அழுத்தினால் உயிருக்கு ஆபத்து.’

ஸ்டிக்கர்களை அலட்சியம் செய்கிறவர்களைப் பற்றி மாப்பிள்ளை வாழ்நாளில் நிறையப் பேசியிருக்கிறார். எழுந்து நேராக நர்ஸ் மேஜைக்கு நடந்தார். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே போனார்.

அங்கே சிஸ்டர் போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காத உறவினர் ஒருவரை வார்டுக்குள் விடவே கூடாது, வாட்ச்மேனிடம் சொல்லி வாசலிலேயே நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு, போனை வைத்த வேகத்திலேயே நிமிர்ந்து, “என்ன?” என்றார்.

மாப்பிள்ளையின் முடிவு அந்த ‘என்ன’வில் கரைந்துபோனது. ஒன்றுமில்லை, ஒரு சந்தேகம், அந்தப் பொத்தானை ஏன் நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும், சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன் என்றார்.

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் வருவதில்லை போலிருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். அந்த மருந்து வலியையும் குறைக்கும், தூக்கத்தையும் கொண்டுவரும். அளவு அதிகமானால் மூச்சையும் மந்தமாக்கும். ஆனால் தூக்கம் வந்துவிட்டவரால் பொத்தானை அழுத்த முடியாது. அழுத்தாவிட்டால் மருந்து போகாது. அந்தத் தூக்கம்தான் காவல்.

“வேற யாராவது பாவம் பார்த்து அழுத்தினா, அந்தக் காவலைத் தள்ளி விட்டுட்டு உள்ள போற மாதிரி. தூங்கறவங்களுக்கு இன்னும் தூக்கம். அதுக்கு மேல இன்னும். அப்புறம் மூச்சு விடறதையே மறந்துடுவாங்க.”

“ஒரே ஒரு தடவைன்னா?”

சிஸ்டர் அவரை உற்றுப் பார்த்தார். “ஏன் கேக்கறீங்க?”

பொதுவாகத்தான் கேட்டேன் என்று சொல்லி மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று அவருக்கே தெரியவில்லை. நடையும் ஓட்டமுமாகக் கட்டிலுக்குத் திரும்பினார்.

அத்தை அதே மாதிரி கிடந்தார். பக்கத்து மானிட்டரில் ஓடிய கோடும் எண்களும் அவருக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறியது. இறங்கியது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மறுபடி ஏறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? ஒத்துப் பார்க்கத் தன் மூச்சைக் கவனித்தார். அது நாய் இரைக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அத்தை போய்ச் சேர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும்.

எழுப்பிவிடலாம் என்று தோன்றியது. விழித்திருப்பவர் மூச்சு விட மறக்க மாட்டார் அல்லவா? தொண்டையைக் கனைத்தார். நாற்காலியைத் தரையில் இழுத்தார். “அத்தை” என்றார். “அத்தை, மழை வரும் போல இருக்கு” என்றார். அத்தை அசையவில்லை. கையைத் தொட்டு உலுக்கத் துணிச்சல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அத்தையின் கையைத் தொட்டதில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தன் செல்போனை எடுத்து, ரிங்டோனை அத்தையின் காதுக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட்டார்.

கண்ணைத் திறக்காமலே அத்தை, “சொல்லுங்க” என்றார்.

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “அத்தை, நான்தான்.”

“லைன்ல இருங்க,” என்றுவிட்டு அத்தை மறுபடி தூங்கிப்போனார்.

மாப்பிள்ளை லைனில் இருந்தார். போர்வை ஏறியது, இறங்கியது, நின்றது. தாங்க முடியாமல் மறுபடி ரிங்டோனை ஒலிக்கவிட்டார்.

“யார் வேணும்?” என்றார் அத்தை.

“நீங்கதான் வேணும் அத்தை.”

“அவங்க இல்ல,” என்றார் அத்தை தெளிவான குரலில். திரும்பவும் தூக்கம்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்துக் கட்டில் பெண்மணி, அந்த போனை எடுத்துத்தான் பேசுங்களேன், இல்லாவிட்டால் அணைத்துத்தான் தொலையுங்களேன் என்று அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டார்.

படுத்தவாக்கில் கிடப்பதால்தான் மூச்சு சரியாக வரவில்லை, தலைப்பக்கத்தைத் தூக்கிவிட்டால் நெஞ்சு விரியும் என்று அடுத்து தோன்றியது. கட்டிலின் பக்கவாட்டில் ஏற்றவும் இறக்கவும் ஒரு ரிமோட் தொங்கியது. ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய தொழில். இதில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்திப் பிடித்தார்.

கட்டில் வழுக்கிக்கொண்டு நல்ல வேகத்தில் ஏறியது. மோட்டார் புதுசு போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டார். தலைப்பக்கம் ஏற ஏற, அத்தையின் உடம்பு நடுவில் மடிகிறது என்பதும், அந்த நடுவில்தான் முந்தாநாள் போட்ட தையல் இருக்கிறது என்பதும் அவருக்கு உறைப்பதற்குள் அத்தை பாதி உட்கார்ந்திருந்தார்.

அத்தையின் கண் திறந்தது. வாயும் திறந்தது. சத்தம் வரவில்லை. முகம் வெள்ளைத் துணியாக வெளுத்தது.

மாப்பிள்ளை பதறிக் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினார். கட்டில் இறங்கியது. அத்தை மெதுவாக மூச்சை வெளியே விட்டார்.

“என்ன பண்றீங்க, மாப்பிள்ளை?”

“மூச்சு... நீங்க நல்லா மூச்சு விடணும்னு...”

ஆப்பரேஷன் ஆனதிலிருந்து இப்போதுதான் முதல் முறையாகக் கண் அசந்தேன் என்றார் அத்தை. அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை. வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. காலையில் வேண்டாம் வேண்டாம் என்றவர், இப்போது தானாகவே பொத்தானைத் தேடிக் கையில் எடுத்தார்.

நியாயமான காரியம்தான். சிஸ்டர் சொன்னபடிதான். ஆனால் மாப்பிள்ளையின் மனக்கண்ணில் ஏற்கெனவே உள்ளே போன மருந்து தெரிந்தது. அத்தை போட்டது ஒன்று, தான் திருட்டுத்தனமாகப் போட்டது இன்னொன்று. இப்போது இதுவும் சேர்ந்தால்? அவர் பாய்ந்து பொத்தானைப் பிடுங்கிக்கொண்டார்.

அத்தை அவரையே பார்த்தார். “கொடுங்க.”

“கொஞ்ச நேரம் போகட்டும் அத்தை.”

“வலிக்குது.”

அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தையை மாப்பிள்ளை கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் சொல்லவும் வாய் வரவில்லை. அத்தை அதற்கு மேல் கெஞ்சவில்லை. மேஜையிலிருந்த தன் போனை எடுத்து மகளுக்குப் போட்டார். “உன் வீட்டுக்காரர் எனக்கு மருந்து தர மாட்டேங்கறார். என்னன்னு கேளு,” என்றார். வைத்துவிட்டார்.

மறு நிமிஷமே மாப்பிள்ளையின் சட்டைப்பை அலறியது. மனைவி அவரைப் பேசவிடவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷியிடமா உங்கள் பிடிவாதத்தைக் காட்டுவீர்கள், அம்மாவுக்கும் உங்களுக்கும் ஆயிரம் இருக்கட்டும், அதற்கு இதுவா நேரம் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதாள். இதோ கிளம்பி வருகிறேன் என்றாள். அப்படி இல்லை, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அப்படியானால் எதற்காகச் செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அவர் பேசாமல் பொத்தானை அத்தையின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அத்தை அழுத்தினார். டிங். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் இழுத்துக் கட்டியிருந்த கயிறு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கண் செருகியது.

மாப்பிள்ளை கட்டிலோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இனி இந்த இடத்தை விட்டு அசையப்போவதில்லை. போர்வையைப் பார்த்தார். முன்பைவிட மெதுவாக அசைவதாகப் பட்டது. நாடி ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று, கடைசியில் துணிந்து அத்தையின் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. நாடி எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியாமல் மணிக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அத்தையின் விரலைக் கவ்வியிருந்த கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கிளிப், அந்தப் புரட்டலில் கழன்று போர்வைக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக்கோடு நேராகிப்போனது. எண்கள் மறைந்தன. மானிட்டர் அலற ஆரம்பித்தது.

மாப்பிள்ளை எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. திரைச்சீலை கம்பியோடு ஆடியது. வராந்தாவுக்கு ஓடியவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“சிஸ்டர்! நான்தான் அழுத்தினேன். நான்தான் கொன்னுட்டேன்.”

வார்டில் எல்லாருடைய பேச்சும் நின்றது. மருந்து வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். திரைச்சீலைகள் வரிசையாக விலகி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மானிட்டரின் அலறலுக்கு நடுவே மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரை?” என்றார் அத்தை.

சிஸ்டர் அதற்குள் பறந்து வந்திருந்தார். போர்வைக்குள் கைவிட்டு கிளிப்பை எடுத்து விரலில் மாட்டினார். பச்சைக்கோடு திரும்ப ஓடியது. அலறல் நின்றது. ஆனால் சிஸ்டர் அதோடு விடவில்லை. மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். முகத்தில் மலர்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

“எப்ப அழுத்தினீங்க? எத்தனை தடவை?”

ஒரு தடவைதான், அவர் தூங்கும்போது, உங்களிடம் சந்தேகம் கேட்க வந்தேனே அதற்குச் சற்று முன்னால், என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் மாப்பிள்ளை. கட்டிலை ஏற்றியதையும் சொன்னார். ரிங்டோனையும் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

சிஸ்டர் பொத்தானை எடுத்து எட்டாத உயரத்தில் மாட்டினார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அத்தையின் தோளைத் தட்டிப் பெயர் கேட்டார், கண்ணைத் திறந்து பார்த்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ண ஆரம்பித்தார். மாப்பிள்ளையை வெளியே நிற்கச் சொன்னார்.

வராந்தாவில் அவர் சுவரோடு சுவராக நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் வாழ்க்கையிலேயே நீளமானது. பாதி அறுந்த கம்பியில் தொங்கும் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது மேலே நின்று வேலை பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் கையில் ஸ்பானர் இருந்தது, செய்ய வேலையும் இருந்தது. உள்ளே டாக்டர் போனார். பக்கத்துக் கட்டில் பெண்மணி, எதிர் வரிசைக்காரரிடம், காலையிலிருந்தே அந்த ஆள் போக்கு சரியில்லை, மாமியாரை மடக்கிப் பார்த்தார், மருந்தைப் பிடுங்கிப் பார்த்தார், போன் அடித்தே கொல்லப் பார்த்தார் என்று விவரித்துக்கொண்டிருந்தது அவர் காதில் நன்றாக விழுந்தது. அதில் பொய் என்று மறுக்க ஒன்றுமில்லை.

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார். மெஷினின் கணக்கைப் பார்த்திருந்தார். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே மெஷின் தானாகவே பூட்டிக்கொள்ளும், அதனால் எவ்வளவு அழுத்தினாலும் மொத்தமாகக் கொட்டிவிடாது என்றார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டாக்டர் அதை அங்கேயே நிறுத்தினார்.

“அந்தப் பூட்டை நம்பி நீங்க அழுத்தக் கூடாது. ஒரு தடவையோட போச்சு, அதனால பிழைச்சோம். முனகும்போதெல்லாம் பாவம்னு அழுத்திட்டே இருந்திருந்தீங்கன்னா, நாம இப்ப வேற விஷயம் பேசிட்டு இருப்போம்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்கு இப்போது ஆபத்தில்லை, மூச்சு நன்றாக இருக்கிறது, இருந்தாலும் சாயங்காலம் வரை சிஸ்டர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார், அதற்குப் பிறகுதான் பொத்தான் திரும்ப வரும், இனி நீங்கள் இவர் பக்கத்தில் தனியாக உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அத்தை முழுதாக விழித்திருந்தார். மூக்கில் குழாயோடு மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து, ஏன், இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை.

“ஏன் அழுத்தினீங்க?”

“நீங்க முனகினீங்க அத்தை,” என்றார் மாப்பிள்ளை. “அம்மான்னு கூப்பிட்டீங்க. என்னால கேட்டுக்கிட்டு உட்கார முடியல.”

“நானா?”

“ஆமாங்க அத்தை.”

அத்தை மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை சற்று நேரம் நின்று பார்த்தார். அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

லிஃப்ட் கதவு திறந்து மனைவி ஓடி வந்தாள். அவரைக் கண்ணால் எரித்துவிட்டு நேராக உள்ளே போனாள். அவள் பின்னாலேயே, படுக்கை விரிப்பு மாற்றும் ஆயாவும் போனார். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து, இனி வீட்டில் எந்த அறையில் படுப்பது, அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எந்த முகத்தோடு எதிரே போய் நிற்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். வேறு ஊரில் லிஃப்ட் ரிப்பேர் வேலை இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

உள்ளேயிருந்து விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அத்தை இன்னும் சுவர்ப்பக்கம் திரும்பியபடிதான் கிடந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு மனசு இன்னும் கீழே இறங்கியது.

அழுக்கு விரிப்புகளைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆயா வெளியே வந்தார். மாப்பிள்ளை எழுந்து வழி மறித்தார்.

“ரொம்ப அழுறாங்களா?”

“யாரு அழுதா? சிரிக்கிறாங்க. தையல் இழுக்குது, என்னைச் சிரிக்க வைக்காதேன்னு பொண்ணைத் திட்டிக்கிட்டே சிரிக்கிறாங்க.”

“சிரிக்க என்ன இருக்கு? என் மேல கோவம் இல்லையா அவங்களுக்கு?”

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் மாப்பிள்ளை.

“‘என் பொண்ணுங்க ரெண்டு பேரையும் பக்கத்துல விடாதீங்க, நான் முகம் சுளிச்சாலே மனசு கேக்காம பட்டனை அழுத்திடுவாங்க, மாப்பிள்ளைக்குத்தான் என் மேல துளிப் பாசம் கிடையாது, அவரை வந்து உட்காரச் சொல்லுங்க’ன்னு நேத்து சிஸ்டர்கிட்ட கேட்டு உங்களை வரவழைச்சதே அந்தம்மாதானே.”